மேற்கு பேரிங்குக்கு எச்சா ரெண்டு அடி

ஜனவரி 3

கிரீஸ் விக்கிற ஏஜெண்ட் வந்து ஆளுக்கு ஒரு டைரி கொடுத்துட்டுப் போனார். அட்டையில கிரீஸ் டப்பா படம். உள்ளே பக்கத்துக்கு ஒரு பொன்மொழி. இன்னைக்குப் பொன்மொழி, உழைப்பே உயர்வு. ஏஜெண்ட் எங்கே உழைச்சார்? டீயைக் குடிச்சுட்டு வண்டியேறினார்.

சும்மா கிடக்கிற டைரியில எழுதினா என்னன்னு ஆரம்பிக்கிறேன். பேர் கோகிலவாணி. வயசு முப்பத்திரெண்டு. டிப்ளமோ மெக்கானிக்கல். சர்க்கரை ஆலையில மெயின்டனன்ஸ். வேலை என்னன்னா கிரீஸ் அடிக்கறது. ஆலையில சுத்துற எதுக்கும் ஒரு பேரிங் இருக்கும், பேரிங்குன்னு இருந்தா அதுக்குத் தீனி போட ஓர் ஆள் வேணும். காலையில ஆறிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் அந்த ஆள் நான். ரெண்டுக்கு மேல பத்து வரைக்கும் சென்னியப்பன். ராத்திரி ஷிப்ட்டுல கிரீஸ் வேலை கிடையாது.

இந்த ஆலையில பொம்பளை ஒருத்தி, கிரீஸைப் பேரிங்குக்குள்ள ஏத்தற கிரீஸ் கன்னைத் தூக்கறது இதுதான் முதல் தடவை. அதனால ஒரு சீசன் பாத்துட்டு அப்புறம் பர்மனென்ட் பண்ணலாம்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. கரும்பு அரவை முடியறப்பதான் தெரியும்.

ஜனவரி 5

பெரிய ஃபேனுக்குக் கிரீஸ் அடிக்கிற நாள். பாய்லர் புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்குத் தள்ளுறது இந்த ஃபேன்தான். எங்க வீட்டு ஆசாரம், அதான் முன்கூடம், அந்த அளவுக்கு இருக்கும். இது நின்னா பாய்லர் அணையும், பாய்லர் அணைஞ்சா அரவை நிக்கும், அரவை நின்னா கேட்டுக்கு வெளியே கரும்பு டிராக்டர் வரிசை கட்டும். அப்ப கரும்புக்காரங்க வாயில வர்ற வார்த்தையை இந்த டைரி தாங்காது.

ஃபேனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரிங். கிழக்கு பேரிங் என்னோடது. மேற்கு பேரிங் சென்னியப்பனோடது. வாரத்துக்கு ஒருக்கா அவங்கவங்க பேரிங்குக்கு அவங்கவங்க கிரீஸ் கொடுக்கணும். இப்படிப் பங்கு பிரிச்சவர் எங்க சீஃப் என்ஜினியர் தனபாலன் சார். எது கெட்டாலும் யாரைத் திட்டறதுன்னு அவருக்குக் குழப்பம் வரக்கூடாதாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு சீஃப் சொன்ன ஒரே பாடம் இது. பேரிங்குக்கு அரை வயித்துச் சாப்பாடுதான். பட்டினி போட்டாலும் சூடாகும், முட்ட முட்டக் கொடுத்தாலும் கிரீஸைக் கடைஞ்சு கடைஞ்சு சூடாகும். நான் அளவு மீறினதே கிடையாது.

ஜனவரி 9

காய்ச்சல். லீவு.

ஜனவரி 13

எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன். என் கிழக்கு பேரிங்குக்கு நாள் தப்பிப் போச்சே, யாராச்சும் பாத்தாங்களான்னு ஷிப்ட் மாத்தறப்ப சென்னியப்பன்கிட்ட கேட்டேன். அந்த மனுசன் தரையைப் பாத்துக்கிட்டு, பாத்துக்கிட்டாங்க போலங்க, அப்படின்னார். யாருன்னு கேட்டா, தெரியலீங்க. இவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள ரெண்டு டிராக்டர் கரும்பை அரைச்சுடலாம். எதுக்கும் இருக்கட்டும்னு நானும் அளவாக் கொடுத்துட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஒவ்வொரு நாளும் காலையில நான் வர்றப்ப கிரீஸ் கன் துடைச்சு, நிரப்பி, மாட்டற இடத்துல மாட்டியிருக்கும். ராத்திரி போறப்ப அவர் பண்ணிட்டுப் போறார். பதிலுக்கு நானும் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டுல நல்லதாப் பொறுக்கி, தையலோ பட்டனோ இல்லாத துண்டா மடிச்சு அவர் அலமாரியில வெச்சுட்டு வர்றேன். கணக்கு நேர்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஒறம்பரை, சொந்தமெல்லாம் வந்துச்சு. கூடவே ஒரு மாப்பிள்ளை வீடும் வந்துச்சு. அவிநாசிப் பக்கம், பனியன் கம்பெனி வெச்சிருக்காங்க. எனக்கு முன்கூட்டியே சொல்லலை. மாட்டுக்குப் பொட்டு வெச்சுட்டு வந்தவளை அப்படியே இழுத்து உக்கார வெச்சு எனக்கும் ஒரு பொட்டு வெச்சாங்க.

பொண்ணு ஆபீஸ் வேலையில இருக்குதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளையோட அத்தை என் கையைப் பிடிச்சு நகத்தைப் பாத்துட்டு, ஆபீஸ்ல என்ன கண்ணு வேலைன்னாங்க. கிரீஸ் அடிக்கறேனுங்கன்னு சொன்னேன். அந்தம்மா கையை விட்டுட்டாங்க. விட்ட கையை மெதுவா முந்தானையில துடைச்சாங்க. மாப்பிள்ளை நல்ல மனுசன்தான், சிரிச்சுட்டார். ஆனா வேலையை விட்டுடணும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

அவங்க போனப்புறம் வீட்டுல பெரிய கச்சேரி. அழுதது அம்மா, கத்தினது நான், பேப்பருக்குள்ள ஒளிஞ்சது அப்பா. கடைசியில ஒரு பேச்சு முடிஞ்சுது. அரவை முடியறப்ப வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா அம்மா அப்புறம் கல்யாணம்னு வாயைத் திறக்கக் கூடாது. ஆகலைன்னா அம்மா கை காட்டற ஆளுக்கு நான் கழுத்தை நீட்டணும், அது அவிநாசியா இருந்தாலும் சரி. அப்பா சாட்சி. பேப்பருக்கு மேல கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஜனவரி 21

சென்னியப்பன் வலது தோளைத் தூக்க முடியாம இடது கையில கிரீஸ் கன் அடிக்கிறார். பைக்ல இருந்து விழுந்துட்டாராம். லீவு போடறதுதானேன்னு கேட்டேன். பரவாயில்லீங்க, அப்படின்னார். வாய்க்குள்ள வேற வார்த்தையே வெச்சிருக்க மாட்டார் போல.

மேற்கு பேரிங்குக்குப் போற வழி குறுகல். செவத்தை ஒட்டி ஒருக்களிச்சு நின்னு தோளுக்கு மேல கையைத் தூக்கி அடிக்கணும். நல்ல தோளுக்கே வலிக்கும். அந்தப் பக்கமா வேலை இருந்துச்சு, போனேன். தொட்டுப் பாத்தா பேரிங் காஞ்ச மாதிரி இருந்துச்சு. போனாப் போகுதுன்னு கிரீஸ் கன்ல ரெண்டு அடி அடிச்சுட்டு வந்தேன். இதை ஒண்ணும் பெருசா நினைக்க வேண்டியதில்லை. மெஷின் நல்லா இருக்கணும், அவ்வளவுதான்.

ஜனவரி 24

மாராக்கா கரும்புச் சக்கை மேட்டுல வேலை பாக்கறாங்க. பாய்லருக்குச் சக்கை தள்ளிவிடறது அவங்க வேலை, ஊர் நியாயம் பேசறது அவங்க பொழுதுபோக்கு. இன்னைக்கு டீ நேரத்துல ஒரு சேதி சொன்னாங்க. ஆலையில எல்லாருக்கும் ஷிப்ட் மாறும், என்னை மட்டும் பொம்பளைன்னு காலையிலயே போட்டிருக்காங்க. சென்னியப்பனுக்கும் ஏன் மாறலைன்னா, அவரே மத்தியான ஷிப்ட் போதும்னு எழுதிக் கொடுத்திருக்காராம். காலையில தோட்டத்து வேலை இருக்குதாம்.

பாவம், உழைப்பாளின்னு சொன்னேன். மாராக்கா டீயை ஆத்திக்கிட்டே, அந்தத் தோட்டத்தைத்தான் மூணு வருசமா எங்க அண்ணன் குத்தகைக்கு ஓட்டறானே அம்மிணி, அப்படின்னாங்க.

அப்புறம் என்ன தோட்டத்து வேலைன்னு எனக்கு விளங்கலை. அவர் சோலி அவருக்கு.

ஜனவரி 30

கிழக்கு பேரிங் சூடாகுது. கை வெச்சா ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியலை. அளவாத்தான் கொடுக்கறேன், என்னன்னு தெரியலை. மேற்கும் லேசா அப்படித்தான் இருக்குது. அவர் தோள் இன்னும் சரியாகலை போல, சரியா அடிக்க முடியலை போல. மேற்குக்கும் ரெண்டு அடி போட்டுட்டு வந்தேன்.

பிப்ரவரி 4

சீஃப் ரெண்டு பேரையும் ஃபேனுக்கு முன்னால நிக்க வெச்சுத் திட்டினார். போல்ட்டெல்லாம் பாத்தாச்சு, ரெண்டு பேரிங்கும் நேர்கோட்டுல இருக்குதான்னு பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்குது. கிரீஸ் அடிச்சேன்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வெத்தலை போடப் போயிடறீங்களா? அளவாத்தான் கொடுத்தேன் சார்னு நான் சொன்னேன். அளவாத்தானுங்க, அப்படின்னு அவரும் சொன்னார். சீஃப் எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தார். கிழக்கு இப்படியே போச்சுன்னா இந்தம்மா பர்மனென்ட் ஃபைலை மேலே அனுப்பறதா வேண்டாமான்னு யோசிக்கணும்னு சொல்லிட்டுப் போனார்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சக்கைத் தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.  சீஃப் போனதும் சென்னியப்பன், கிழக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நான் இருக்கறேன், அப்படின்னார். இவர் இருந்து என்ன ஆகப்போகுது? பேரிங் என்னோடது.

போற போக்குல மேற்கையும் கவனிச்சுட்டுத்தான் போனேன். எனக்கு விழற திட்டு அவருக்கும் விழ வேண்டாமே.

பிப்ரவரி 7

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறாராம் சென்னியப்பன். லீவு. தோள்வலியோட எதுக்குன்னு கேட்டா, நடக்கறதுக்குக் கால் போதுமுங்க, அப்படின்னார். அடடா, ஒரு முழு வாக்கியம்.

பிப்ரவரி 9

கிரீஸ் கன்னை யாரும் துடைக்கலை.

பிப்ரவரி 12

அதிசயம். கிழக்கு பேரிங் குளிர்ந்துக்கிட்டே வருது. நான் ஒண்ணும் புதுசாப் பண்ணலை. அந்த மனுசன் இல்லைன்னா மெஷினுக்கே நிம்மதி போல. வந்ததும் சொல்லிச் சிரிக்கணும்.

மேற்கு மட்டும் இன்னும் கொதிக்குது. அவருக்குப் பதிலா வந்த ஆள் அங்கே எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டான்னு நானே போய்க் கொடுத்தேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாத்தறப்ப சும்மா ஒரு மாதிரி இருக்குது. வெயில் ஆரம்பிச்சிடுச்சு, அதனாலதான்.

பிப்ரவரி 15

வந்துட்டார். கறுத்துப் போயிட்டார். பழனியில இருந்து பஞ்சாமிர்தம் கொண்டாந்தார். எல்லாருக்குமுங்கன்னு சொல்லி ஒரு டப்பாவை என் கையில கொடுத்தார். மாராக்காகிட்ட உங்களுக்கு எந்த டப்பா வந்துச்சுன்னு கேட்டேன். எனக்குத் திருநீறு வந்துச்சு அம்மிணி, அப்படின்னாங்க. பாய்லர் ஆளுங்களுக்கும் திருநீறுதானாம். சீஃபுக்கு அதுவும் இல்லை.

அப்புறம் அந்தக்கா ஒரு குசும்பு பண்ணினாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏனுங்க ஏனுங்கன்னு கூப்பிடறதைக் கேட்டா, விவரம் தெரியாதவங்க புருசன் பொண்டாட்டின்னுதான் நினைப்பாங்களாம். கம்முனு வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

பஞ்சாமிர்தம் நல்லா இருந்துச்சு. டப்பாவைக் கழுவி வீட்டு மேசை மேல வெச்சிருக்கேன். பேனா போட ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்.

பிப்ரவரி 24

கிழக்கு மறுபடியும் சூடு. மேற்கும் கூடவே சூடு. சக்கைத் தூசிக்குள்ள உக்காந்து யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. ஆகாத கிரீஸா இருக்குமோ? அந்த ஏஜெண்ட் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

பர்மனென்ட் ஃபைல் சீஃப் மேசையில கிடக்குதாம். அம்மா அவிநாசிக்கு ஃபோன் போட்டுப் பேசிட்டிருந்தாங்க, நான் உள்ளே போனதும் தக்காளி விலைக்கு மாறிட்டாங்க.

மார்ச் 6

நடக்கக் கூடாதது நடந்துடுச்சு.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல இருக்கும். நான் அரவைப் பக்கம் இருந்தேன். திடீர்னு ஆலைச் சத்தம் இறங்குச்சு. பெரிய ஃபேன் சூடு தாங்காம தானா நின்னுபோச்சு. கிழக்கு பேரிங். என் பேரிங், என் ஷிப்ட். பாய்லர் அணைஞ்சுது, அரவை நின்னுது, கேட்டுல டிராக்டர்காரங்க ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாங்க. 

சீஃப் ஓடி வந்தார். ஹவுசிங்கைக் கழட்டுங்கன்னார். ஹவுசிங்னா பேரிங்கை மூடியிருக்கிற இரும்புக் கூடு. சென்னியப்பன் அதுக்குள்ள வந்துட்டார், எப்பவும் போல நேரத்துக்கு முன்னாலயே. மேல் மூடியைத் தூக்கினதும் எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். உள்ளே பேரிங்கே தெரியலை. பொங்கப் பானை பொங்கி நின்ன மாதிரி கிரீஸ், மூலை முடுக்கெல்லாம் கிரீஸ். எச்சா, கூடுதலா இருந்தா வடியறதுக்கு அடியில ஓர் ஓட்டை இருக்குது, அதுவும் சக்கைத் தூசி இறுகி அடைச்சுக் கிடந்துச்சு. அதை யார் பாக்கணும்னு எந்த ஷிப்ட்டுக்கும் பிரிச்சுக் கொடுக்கலை.

சீஃப் என்னைப் பாத்தார். அளவாத்தான் கொடுத்தேன்னு சொன்னியேம்மா, இது என்ன, கல்யாணச் சாப்பாடா? அப்படின்னார். நான் சத்தியமா அளவாத்தான் கொடுத்தேன். ஆனா கண்ணு முன்னால இருக்கறதை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? ஃபைல் போச்சுன்னு நினைச்சேன். அவிநாசி அத்தை முந்தானையில கை துடைக்கறது அப்படியே கண்ணுல வந்துச்சு.

அப்பதான் பின்னால இருந்து ஒரு குரல்.

"நானுங்க சார்."

சென்னியப்பன். தரையைப் பாத்துக்கிட்டுத்தான் சொன்னார். ஜனவரியில இந்தம்மா காய்ச்சல்னு வரலை, அன்னைக்கு நான் அடிச்சேன். அப்புறம் மறந்துகிறந்து போயி இவங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு வாராவாரம் நானும் ஒருக்கா அடிச்சுட்டு இருந்தேனுங்க. சூடாகுதுன்னு நீங்க திட்டினதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் எச்சா அடிச்சேனுங்க. இவங்க மேல தப்பே இல்லீங்க.

எனக்கு வந்துச்சே கோபம். நன்றி வரலை, கோபம்தான் வந்துச்சு. மறந்து போயிடுவேனாமே! நான்! மறக்கிற மூஞ்சியா இது? எட்டுக் கிலோ கிரீஸ் கன்னைத் தூக்கிக்கிட்டு ஆலை முழுக்கச் சுத்தறவளை இவர் பின்னாலயே வந்து சரி பாக்கறாராம். என்னை நம்பாத ஆளு எனக்கு உதவி பண்ண வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

சீஃப் தலையில கை வெச்சுட்டார். அப்புறம், வந்தது வந்தோம், மேற்கையும் திறந்து பாத்துடலாம்னார்.

அப்பதான் மேற்குல நான் போட்ட ரெண்டு ரெண்டு அடி எனக்கு ஞாபகம் வந்துச்சு.

மேற்கைத் திறந்தாங்க. அங்கேயும் அதே பொங்கல். கிழக்குக்குக் கொஞ்சமும் குறைவில்லை. சீஃப், இதுவும் நீதானா சென்னியப்பான்னு கேட்டார். அந்த மனுசன் திருதிருன்னு முழிச்சார். இல்லீங்க சார், என்னுதுக்கு அளவாத்தானுங்க கொடுத்தேன், என்னன்னு தெரியலீங்க. சீஃப், ஒரு பேரிங்குக்கு அடிச்சேன்னு ஒத்துக்கிட்டவன் இன்னொண்ணுக்கு எதுக்குப் பொய் சொல்றேன்னு கத்த ஆரம்பிச்சார்.

நான் கம்முனு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. கிழக்குக்கு என் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. ஃபைல் பிழைச்சுடும், அம்மா வாயை மூடணும், அவிநாசி கிடையாது. சென்னியப்பன் பர்மனென்ட் ஆளு, அவரை என்ன பண்ணிடப் போறாங்க? ஒரு மெமோ. இவ்வளவும் நான் யோசிச்சேன். யோசிக்கலைன்னு எழுதினா பொய்.

அவர் திட்டு வாங்கிக்கிட்டே வலது தோளைப் பிடிச்சுட்டு நின்னார்.

"மேற்கு நானுங்க சார்," அப்படின்னேன்.

ஆலை நின்னு போயிருந்ததால என் குரல் ரொம்பச் சத்தமாக் கேட்டுச்சு. சக்கை மேட்டுல நின்ன மாராக்கா கூடத் திரும்பிப் பாத்தாங்க. அவருக்குத் தோள்வலி, அதனால போனாப் போகுதுன்னு ரெண்டு ரெண்டு அடி. அப்புறம் திட்டு வாங்கக் கூடாதுன்னு இன்னும் கொஞ்சம். எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன்.

 சீஃப் கிரீஸ் ஒட்டின மூடியைப் பாத்தார், எங்களைப் பாத்தார். கடைசியில சொன்னது இதுதான்.

"வேலையை மறந்த ஆளுக்கு மெமோ கொடுத்திருக்கேன். ரெண்டு பேரும் ஒருத்தர் வேலையை ஒருத்தர் ஞாபகம் வெச்சுக்கிட்டு ஆலையை நிறுத்தினதுக்கு என்ன கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியலையே."

தெரியலைன்னு சொன்னவர் அரை மணி நேரத்துல மெமோதான் கொடுத்தார். ஆளுக்கு ஒண்ணு.

மார்ச் 7

நேத்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து கிரீஸை வழிச்சு எடுத்தோம். பேரிங் ரெண்டும் தப்பிச்சுது, ஃபேன் ஓடுது. வழிக்கறப்ப ஒரு வார்த்தை பேசலை. முழங்கை வரைக்கும் கிரீஸோட பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசாம இருக்கறதும் ஒரு வேலைதான்.

இன்னைக்கு ஷிப்ட் மாத்தறப்ப அவரே ஆரம்பிச்சார்.

"ஏனுங்க, நான் மறந்துருவேன்னு நினைச்சீங்களா?"

அதை நான் கேக்க வேண்டியது. நேத்துல இருந்து வாயில வெச்சு மென்னுக்கிட்டிருந்த கேள்வி. அவர் முந்திட்டார். அவருக்கும் அதே கோபம் இருந்திருக்குது. தோள்வலின்னுதான் பண்ணினேன்னு சொன்னேன். எனக்கு உங்க வேலை போயிடுமோன்னு பயமுங்க, அப்படின்னார். அதுக்கு நான், எனக்கே பயமில்லாதப்ப உங்களுக்கு என்ன பயம்னு கேட்டேன். அவர் காதெல்லாம் சிவந்து போச்சு. வெயில்.

இனிமே நான் உங்க பேரிங்கைத் தொடமாட்டேன், நீங்க என் பேரிங்கைத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். சரிங்கன்னார். அந்த வடிகால் ஓட்டையை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்னு முடிவாச்சு.

மார்ச் 19

கிழக்கு குளிர்ந்து கிடக்குது. மேற்கும் குளிர்ந்து கிடக்குது. கிரீஸ் கன் துடைச்சு இருக்குது.

ஃபைல் பத்தி ஒரு சேதியும் இல்லை. மெமோ வாங்கினவளை எவன் பர்மனென்ட் பண்ணுவான்? அம்மா எனக்கு முறுக்குச் சுட்டுப் போட்டாங்க. இவ்வளவு பாசமாப் பாத்துக்கறாங்கன்னா ஜெயிச்சுட்டதா முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். முறுக்கைத் தொடாம தள்ளி வெச்சேன்.

ஏப்ரல் 11

அரவை முடிஞ்சுது. கடைசி டிராக்டருக்கு மாலை போட்டு உள்ளே விட்டாங்க.

சீஃப் கூப்பிட்டார். போனேன். ஒரு கவரை மேசை மேல தள்ளினார். பிரிச்சேன். பர்மனென்ட்.

மெமோ வாங்கினேனே சார்னு நானே வாயைக் கொடுத்துட்டேன். சீஃப் கண்ணாடியைக் கழட்டிட்டு, கிரீஸ் அடிக்கத் தெரிஞ்ச ஆள் நிறைய கிடைப்பாங்கம்மா, நான்தான் அடிச்சேன்னு சொல்ற ஆள் கிடைக்க மாட்டாங்க, அப்படின்னார். உடனே மூஞ்சியைத் திரும்ப உர்ருன்னு வெச்சுக்கிட்டு, அளவா அடி, போ, அப்படின்னு விரட்டினார்.

வெளியே வந்து சக்கை மேட்டுக்குப் பின்னால நின்னு நல்லா அழுதேன். தூசின்னு யார்கிட்டயும் சொல்லலை.

ரெண்டு மணிக்கு சென்னியப்பன் வந்தார். கவரைக் காட்டினேன். படிச்சார். அவர் சிரிச்சு நான் இன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன், மேல் பல்லு ஒண்ணு கொஞ்சம் கோணல். அப்புறம் சிரிப்பு அப்படியே இறங்கிப் போச்சு. அரவை முடிஞ்சா ஷிப்ட் கிடையாது. எல்லாரும் எட்டு மணிக்கு வந்து மெஷினைக் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டு அஞ்சு மணிக்குப் போவோம்.

"நாளையிலிருந்து இந்த ஷிப்ட் மாத்தற பத்து நிமிசம் இருக்காதுங்களே," அப்படின்னார்.

மூணு மாசமா இந்த மனுசன் எதுக்கு நேரத்துக்கு முன்னால வர்றார், குத்தகைக்கு விட்ட தோட்டத்துல காலையில என்ன வேலைன்னு எனக்கு இப்பதான் விளங்குச்சு. சரி, அதுவும் பொய். விளங்கி ரொம்ப நாளாச்சு.

"நாள் பூராவும்தான் இருக்குதுங்களே," அப்படின்னேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணு. அம்மா மாங்காயும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி வெச்சாங்க. மூஞ்சி மட்டும் வேப்பம்பூ. பேச்சுன்னா பேச்சு. அவிநாசிக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் கல்யாணம்னு இனிமே வாயைத் திறக்க மாட்டேன் சாமின்னு அப்பா முன்னால கையெடுத்துக் கும்பிட்டாங்க. பாவமாத்தான் இருந்துச்சு.

அதனால அம்மா திறக்கலை. நான்தான் திறந்தேன்.

ஆலையில ஒருத்தர் இருக்கார், பேரு சென்னியப்பன், அப்படின்னு ஆரம்பிச்சேன். மேல சொல்றதுக்குள்ள அம்மா, பஞ்சாமிர்த டப்பாவான்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பேனா ஒண்ணைப் போட்டு வெச்சுட்டு நாளுக்கு மூணு தடவை அந்த டப்பாவைத் துடைக்கறியே, எனக்குக் கண்ணு இல்லையா? அப்படின்னாங்க. அவிநாசிக்காரங்ககிட்ட வாக்கு கொடுக்காம ரெண்டு மாசமா இழுத்தடிச்சதும் அதுக்குத்தானாம். அப்ப பிப்ரவரியிலயே தெரிஞ்சுக்கிட்டு எனக்கு எதுக்கு முறுக்குச் சுட்டீங்கன்னு கேட்டேன். நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன் கண்ணு, அப்படின்னு சொல்லிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சார். அது அதிசயம்.

ஏப்ரல் 20

சென்னியப்பன் வீட்டுல இருந்து வந்துட்டுப் போனாங்க. அவங்கம்மா என் கையைப் பிடிச்சுப் பாத்தாங்க. நகத்து இடுக்குல கிரீஸ் இருந்துச்சு. அவங்க துடைக்கலை. இவனுக்கும் இப்படித்தான் கண்ணு, சீயக்காய் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும், அப்படின்னாங்க.

ஒறம்பரையெல்லாம் உள்ளே சாப்பிடறப்ப வாசல்ல வெச்சு அவர்கிட்ட என் நிபந்தனையைச் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறமும் கிழக்கு என்னோடதுதான், மேற்கு உங்களோடதுதான். சரிங்கன்னார். எனக்கு உடம்பு சரியில்லைன்னா என்னைக் கேட்டுட்டுத்தான் என் வேலையைத் தொடணும். அதுக்கும் சரிங்க. உங்களுக்கு ஏதும் நிபந்தனை இருக்குதான்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டு, பனியன் வேஸ்ட் மட்டும் நீங்களே மடிச்சுக் கொடுத்துடுங்க, அப்படின்னார்.

ஏப்ரல் 22

இன்னைக்குப் பெரிய ஃபேனைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பூட்டினோம். ரெண்டு ஹவுசிங்கிலயும் புதுக் கிரீஸ், அரை வயிறு. அவர் டீ குடிக்கப் போனதும் மேற்குப் பக்கம் போய் லேசாக் கை வெச்சுப் பாத்தேன். குளுகுளுன்னு இருந்துச்சு. கிரீஸ் கன் பக்கத்துலதான் கிடந்துச்சு.

தொடலை.

கிழக்குப் பக்கம் வந்து பாத்தா, துடைச்சு வெச்ச என் ஹவுசிங் மேல கிரீஸோட அஞ்சு விரல் பதிஞ்சிருந்துச்சு. பெரிய கை. கேட்டதுக்கு, தெரியலீங்க, அப்படின்னார்.